சாம்பல், வெள்ளை, சாம்பல்

1

இந்தக் கதையில் நான் கண்ணால் பார்த்தவை இரண்டு: ஒரு தாள், ஒரு துணி. தாளைப் பார்த்த நாளுக்கும் துணியைப் பார்த்த நாளுக்கும் இடையில் நடந்தது எனக்குத் தெரியாது. அதை நானே இட்டு நிரப்பியிருக்கிறேன். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

2007. திருத்தணிப் பேருந்து நிலையத்துக்கு எதிரே, மாடியில் ஒரு பிரவுசிங் சென்டர். வேதியியல் முடித்துவிட்டு வேலைக்கு விண்ணப்பம் அனுப்பிக்கொண்டிருந்தேன். பக்கத்துக் கணினியில் ஒரு பெண், புடவைப் படம் ஒன்றிலிருந்து மாங்காய் வடிவத்தை வெட்டி எடுத்துக்கொண்டிருந்தாள்.

கதையை முதலில் இப்படித் தொடங்கினேன்:

மலைமேல் மணி ஒலித்தபோது கோமளவல்லி

நிறுத்திவிட்டேன். மணி ஒலித்திருக்கலாம். அவள் கேட்டிருக்க மாட்டாள். அவள் கண் முழுவதும் மாங்காயின் வளைந்த நுனியில் இருந்தது.

(பெயர் நான் வைத்தது. அவளிடம் கேட்க எனக்கு வாய் வரவில்லை.)

2

அவள் பயன்படுத்தியது கிம்ப் என்ற மென்பொருள். இலவசம். படத்தைத் திறந்து, வேண்டாத நிறத்தைத் தொட்டுத் தேர்ந்தெடுத்து, டெலீட் அழுத்தினால் அந்த இடம் போய்விடும்.* மிஞ்சிய மாங்காயைச் சிவப்பின்மேல் வைக்கலாம், மயில்கழுத்து நிறத்தின்மேல் வைக்கலாம்.

ஒன்றும் இல்லாத இடத்தைத் திரையில் எப்படிக் காட்டுவது? வெள்ளையாகக் காட்டினால் வெள்ளை நிறம் என்று நினைத்துக்கொள்வோம். அதனால் அங்கே சாம்பலும் வெள்ளையுமாகச் சிறு கட்டங்கள் தெரியும். கட்டம் தெரிந்தால் அங்கே எதுவும் இல்லை என்று பொருள். இதை யோசித்தவர் யார் என்று எனக்குத் தெரியாது. எங்கோ உட்கார்ந்து இத்தனையும் செய்து, எடுத்துக்கொள்ளுங்கள் என்று கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். எனக்கு அவர்கள்மேல் பெரிய மரியாதை.

* அதற்கு முன் ஆல்பா சேனல் என்ற ஒன்றைப் படத்தில் சேர்க்க வேண்டும். இல்லாவிட்டால் வெறும் வெள்ளைதான் வரும். அவள் திரையை எட்டிப் பார்த்துக் கற்றுக்கொண்டேன்.

3

அவளுடைய அப்பா ராஜமாணிக்கம், ஆர்.கே.பேட்டையில் கைத்தறி வைத்திருக்கிறார். (நான் முடிவு செய்தது. அவள் பையில் நூல் பிசிறு ஒட்டியிருந்தது.) புது டிசைன் என்றால் பத்து நிறத்தில் மாதிரி நெய்து சென்னைக் கடைக்காரருக்குக் காட்ட வேண்டும். நாள் அதிலேயே ஓடிவிடும். இந்த முறை மாதிரி நெய்ய வேண்டாம், கணினியில் காட்டுகிறேன் என்று மகள் சொன்னாள்.

"கடைக்காரரு ஒத்துகினா இனிமே டிசைன் உன்னுது. நான் வாய் தெறக்கமாட்டேன்" என்றார் அப்பா. "வேணாம்னுட்டாருன்னா, டவுனுக்கு பஸ் ஏர்றத வுட்டுட்டு ஊட்ல இருக்கணும்."

"ஆங், நைனா" என்றாள் கோமளவல்லி.

இதைவிடப் பெரிய ஆபத்து ஒன்றை வைக்கலாமா என்று யோசித்தேன். தேவைப்படவில்லை. வீட்டிலிருந்து பஸ் நிறுத்தம்வரை இருக்கும் தூரம் எவ்வளவு பெரியது என்று எனக்குத் தெரியும்.

4

வீட்டில் கணினி இல்லை. அப்பாவிடம் காட்டுவதற்காகத் திரையில் தெரிந்ததை அப்படியே அச்செடுத்தாள். கட்டங்களும் சேர்ந்து அச்சாயின. அவள் மடிக்காமல் பிடித்துக்கொண்டு படியிறங்கிய அந்தத் தாளை நான் பார்த்தேன்.

இனி வருவது கற்பனை.

"இன்னா பாப்பா இது?"

"மாங்கா, நைனா."

"மாங்கா தெரீது. பின்னாடி இன்னா?"

"பின்னாடி ஒண்ணுமில்ல."

"கட்டம் போட்டுகீதே."

"ஒண்ணுமில்லன்றதத்தான் அப்டி காட்டுது."

தறிக்கு நூல் சுற்றிக்கொண்டிருந்த அம்மா ஞானம்மாள் தலை தூக்கவில்லை. "பஸ்ஸுக்குக் காசு குடுத்துப் போயி ஒண்ணுமில்லாதத வாங்கியாந்துகீறா."

ராஜமாணிக்கம் தாளை வெளிச்சத்தில் பிடித்தார். "ஒண்ணுமில்லாதது இவ்ளோ நல்லாகீதா?"

[இங்கே அவர் மகளைத் திட்டுவதாக ஒரு வரைவு இருந்தது. அடித்துவிட்டேன். புதுக் கட்டம் கண்ணில் பட்ட நெசவாளி எதற்குத் திட்டப்போகிறார்?]

அவள் டவுனில் பத்து நிறங்களைத் தயார் செய்துகொண்டிருந்த நாட்களில், அவர் சாம்பல் நூலும் வெள்ளை நூலும் எடுத்து அந்தக் கட்டத்தையே ஒரு சிறு துண்டாக நெய்தார். திரையில் இருந்தவை இரண்டே நிறம். தறியில் சாம்பலும் வெள்ளையும் குறுக்கே சந்தித்த இடங்களில், புகைபோல மூன்றாவது நிறம் ஒன்று வந்தது. அதை யாரும் வரையவில்லை.

5

ஒரு சோதனை. கோமளவல்லியைத் திருத்தணியிலிருந்து வெட்டி எடுத்துக் கோயம்புத்தூரில் வைத்துப் பார்த்தேன். சரியாகவே உட்கார்ந்தாள். கண்டக்டர் ஏதோ கேட்டதும் திருத்தணிக்காரியாகவே "ஆங்" என்றாள். வெட்டிய படத்தின் ஓரத்தில் பழைய பின்னணியின் நிறம் ஒரு கோடு தங்கிவிடும். பெரிதாக்கிப் பார்த்தால்தான் தெரியும். அவளைத் திரும்பக் கொண்டுவந்துவிட்டேன்.

6

இது நான் பார்த்தது; அன்றும் பக்கத்துக் கணினியில்தான் இருந்தேன். கிருத்திகைக்கு மலைக்கு வந்த கடைக்காரர், மொட்டைத் தலையில் சந்தனம் காயாமலேயே பிரவுசிங் சென்டருக்கு வந்தார். அவளுடைய அப்பாவும் வந்திருந்தார். அவள் மாங்காயை ஒவ்வொரு நிறத்தின்மேலும் வைத்துக் காட்டினாள். ஓரங்கள் சுத்தமாக இருந்தன. நான் அதைத்தான் பார்த்தேன், எவ்வளவு சுத்தம் என்று.

"நல்லாகீதும்மா" என்றார் கடைக்காரர். "ஆனா எல்லாரும் மாங்காதான் கொண்டாறாங்க."

அவள் கை மவுஸை விட்டுவிட்டது.

அப்பா மஞ்சள் பையிலிருந்து சாம்பலும் வெள்ளையுமாகக் கட்டம் போட்ட துண்டை எடுத்து மேசைமேல் வைத்தார். கடைக்காரர் அதைத் தொட்டார், திருப்பினார், மறுபடி திருப்பினார்.

"இது யாரு டிசைனுங்க?"

"இவ கொண்டாந்தது" என்றார் அப்பா, மகளைக் காட்டி. "நான் நெய்ஞ்சேன், அவ்ளோதான்."

"டிசைனுக்குப் பேரு இன்னா? பேரு இல்லாம கடைல விக்க முடியாது. சொல்லும்மா, எழுதிக்கிறேன்."

அப்பா அவளைப் பார்த்தார். திரையில் மாங்காய்க்குப் பின்னால் கட்டங்கள் அப்படியே இருந்தன.

7

அப்போது என் நேரம் முடிந்துவிட்டது. இன்னும் உட்கார்ந்திருந்தால் ஒட்டுக்கேட்பதுபோல் ஆகிவிடும் என்று எழுந்துவிட்டேன். கதை எழுதப்போகிறவள் செய்யும் காரியமா என்று கேட்பீர்கள். நான் அப்படித்தான்.

ஒரு வரைவில் அவள் உடனே ஒரு பெயர் சொல்கிறாள். இன்னொன்றில், "இது டிசைன் இல்லீங்க, ஒண்ணுமில்லாத எடம்" என்று உண்மையைச் சொல்லிவிடுகிறாள். கடைக்காரர் சிரித்துவிட்டு, அதையே பெயராக எழுதி

இல்லை. இரண்டிலும் என் குரல்தான் கேட்கிறது.

படியிறங்குமுன் திரும்பி, அவள் வாய் திறந்ததை மட்டும் பார்த்தேன். அதுவரை அவள் யாரிடமும் அவ்வளவு நிமிர்ந்து உட்கார்ந்து பேசி நான் பார்த்ததில்லை. அவள் சொன்னது:

[                    ]

இந்த இடத்தில் சாம்பலும் வெள்ளையுமாகக் கட்டங்கள் தெரிவதாக வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் எதை வைத்தாலும் உட்காரும். ஓரத்தை மட்டும் ஒருமுறை பெரிதாக்கிப் பாருங்கள்.