நேசையனின் ரோலர் சட்டம்

இப்போதெல்லாம் எவனுக்கும் அடுத்தவன் வீட்டு முற்றத்தில் அரைமணி நேரம் நிற்கப் பொறுமை கிடையாது. எல்லாருக்கும் அவசரம். எங்கே ஓடுகிறாய் என்று கேட்டால் பதில் சொல்லக்கூட நேரமில்லை. வெள்ளறடையில் ரப்பருக்கு நல்ல விலை நின்ற தொண்ணூற்றைந்தில் நேசையன் இதைச் சொல்லாத நாளில்லை. சொன்னது மனைவி சுகிர்தபாயிடம். முற்றத்தில் வேறு யாரும் நிற்காததால்.

முன்பு நின்றார்கள். ரப்பர் பாலை டிஷ்ஷில் ஊற்றி, ஆசிட் விட்டு வைத்தால் மறுநாள் தயிர்க்கட்டி மாதிரி உறைந்திருக்கும். அதை ரோலரில் விட்டு, தண்ணீர் போகப் பிழிந்து, ஷீட்டாக்க வேண்டும். அந்த ஏலாக்கரையில், வயலோரத்து வீடுகளில், ரோலர் நேசையனிடம் மட்டும்தான் இருந்தது. இருபது வருடம் முன்பு ஒரு பசுவையும் இரண்டு அயனி மரத்தையும் விற்று வாங்கியது. நான்கு வீட்டார் அங்கே வந்து உருட்டினார்கள். நேசையன் யாரிடமும் பைசா கேட்டதில்லை. ஒரே ஒரு சட்டம்: வருகிற ஆள் முதலில் நேசையனின் ஷீட் இரண்டை உருட்ட வேண்டும், பிறகு தன்னுடையதை. நாலிரண்டு எட்டு. நேசையனின் மரங்களுக்கு நாளொன்றுக்கு எட்டு ஷீட்தான். வாங்கிய நாளிலிருந்து அவர் கைப்பிடியைத் தொட வேண்டி வரவில்லை. பக்கத்தில் ஸ்டூல் போட்டு, ஒழுங்காக உருட்டுகிறார்களா என்று பார்ப்பார். ஏழரைக்குத் தொடங்கினால் ஒன்பதரை ஆகும். பார்ப்பதும் வேலைதான் என்பது அவர் கட்சி.

ஒரு திங்கட்கிழமை யாரும் வரவில்லை. நால்வரில் ஒருவனான ஜெயதாஸ் எட்டு மாதம் முன்பே கடன் எடுத்து ஒரு ரோலர் வாங்கி, அதில் மோட்டாரும் பெல்ட்டும் மாட்டிவிட்டான். அவன் பங்கு இரண்டையும் மற்ற மூவரே சுற்றி வந்தார்கள். ஷீட் ஒன்றுக்குக் கால் ரூபாய். இப்போது மற்ற மூன்று வீடும் அங்கே போய்விட்டது.

மூன்றில் ஒரு வீட்டுக்காரி ஆனந்தபாய். பால் வெட்டும் கத்தியோடு வேலி ஓரமாகப் போனவளை நேசையன் நிறுத்தினார்.

"இஞ்ச சும்மா கெடக்குத ரோலரை விட்டுட்டு அங்க பைசா குடுத்து உருட்டுதியா மக்கா? தலைக்கு எதாவது சுகக்கேடு உண்டா?"

"சும்மாவா மாமா? உங்க ரெண்டும் எனக்க அஞ்சும் சுத்தி, முறை வாறதுக்கும் காத்து நின்னா ஒரு மணி நேரம். அங்க அஞ்சு நிமிஷமாக்கும்."

"பாக்கி நேரம் என்ன செய்யுத?"

"ரெத்தினதாஸ் அண்ணனுக்க நூறு மரத்தைப் பங்குக்கு வெட்டுதேன்."

"அப்போ பைசாவும் குடுக்குத, வேலையும் கூடுதல் செய்யுத. இதுக்குப் பேரு லாபம்."

"மூத்தவளை நெய்யாற்றின்கரையில டைப்பு படிக்க விட்டாச்சு மாமா. வாறேன், பால் நிக்குமுன்ன எடுக்கணும்."

அவள் போய்விட்டாள். டைப்புக்கும் ரோலருக்கும் என்ன சம்பந்தம் என்று நேசையனுக்குப் பிடிபடவில்லை.

"பத்து மணிக்குப் புதுப் பால் வரும்," என்றாள் சுகிர்தபாய். "எட்டு டிஷ்ஷும் நெறஞ்சு இருக்கு. நீங்க நியாயம் பேசீட்டு இருந்தா பாலை எதுல ஊத்த? ஒழிச்சுத் தரலேன்னா மண்ணுலதான்."

நேசையன் எழுந்து கைப்பிடியைப் பிடித்தார். அறுபத்தெட்டு வயது. பால் வெட்ட மூச்சு வேண்டாம். ரோலர் சுற்ற மூச்சு வேண்டும். ஒரு ஷீட் முடிந்தது. இரண்டாவது பாதியில் அவர் ஸ்டூலுக்குத் திரும்பினார்.

"இது எப்பமும் இவ்வளவு கனமா?"

"சுத்தினவியகிட்ட கேளுங்க," என்றாள் சுகிர்தபாய்.

மீதி ஏழையும் சருவத்தில் அடுக்கித் தலையில் வைத்துக்கொண்டு ஜெயதாஸின் கொட்டகைக்குப் போனார். ஜெயதாஸ் பெல்ட்டில் எதையோ தடவிக்கொண்டிருந்தான்.

"வாங்க மாமா."

"உனக்கு கறண்டு ஒழுங்கா வருதான்னு பாக்க வந்தேன்."

"தலையில என்னது?"

"ஷீட்டு."

நேசையன் மடியிலிருந்து சில்லறையை எடுத்தார். ஜெயதாஸ் வாங்கவில்லை.

"பத்து வருஷம் உங்க முற்றத்துல உருட்டினேன். ஒரு நாளும் பைசா கேட்டியளா? உங்க சட்டமே போதும். முதல்ல எனக்க ரெண்டு."

நேசையன் ஜெயதாஸின் இரண்டு ஷீட்டையும் ரோலரின் வாய்க்குக் கொடுத்தார். அந்தப் பக்கம் போய் விழுந்தது. எடுத்து மறுபடி கொடுத்தார். மறுபடி விழுந்தது.

"தீந்துதா?"

"தீந்தாச்சு."

"எனக்க முற்றத்துல ரெண்டு ஷீட்டுக்குப் பத்து நிமிஷம் ஆகும்."

"எனக்குத் தெரியாதா மாமா? சுத்தினது நானாக்கும்."

அதே சட்டம், அதே இரண்டு ஷீட். அங்கே பத்து நிமிஷம், இங்கே ரெண்டு நிமிஷம். இடையில் யாரோ யாரையோ ஏமாற்றியிருக்க வேண்டும். நேசையன் யோசித்துப் பார்த்து, ஏமாற்றியது ஜெயதாஸ் என்று முடிவு செய்தார். எப்படி என்பது மட்டும் தெரியவில்லை.

தன்னுடைய ஏழாவது ஷீட் பாதி நுழைந்தபோது கரண்ட் போயிற்று. அன்று முதல் தடவையாக நேசையனின் முகம் தெளிந்தது.

"இப்பம் சொல்லுலே. கடன் எடுத்து வாங்கினது என்ன செய்யுது?"

ஜெயதாஸ் பெல்ட்டைக் கழற்றினான். ஆணியில் தொங்கிய கைப்பிடியை எடுத்து மாட்டி, பத்துச் சுற்று சுற்றினான். ஷீட் விழுந்தது.

"உங்க ரோலர்லயும் ஒரு மோட்டாரு வையுங்க மாமா. அந்தப் பக்கத்து ஆளுவ உங்ககிட்டயே வருவினும்."

"மோட்டாருக்கு எவன் பைசா தருவான்?"

"மிச்சமாகுத நேரம் தரும்."

"உனக்கு மிச்சமான நேரத்தை எங்க வச்சிருக்க? காட்டு, பாக்கட்டு."

ஜெயதாஸ் கொட்டகைக்குப் பின்னால் கை நீட்டினான். போன வருடம் வரை காடுபிடித்துக் கிடந்த சரிவில் முந்நூறு மூடு மரச்சீனிக் கிழங்கு நின்றது. நன்றாகத்தான் நின்றது. நேசையன் கண்ணுக்கு மேல் கை வைத்து, நிதானமாக இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை பார்த்தார்.

"அது மரச்சீனி," என்றார்.

சருவத்தைத் தலையில் ஏற்றிக்கொண்டு படியிறங்கினார். மணி எட்டேகால். அவர் முற்றத்தில் ஷீட் உருட்டி முடிகிற நேரம் ஒன்பதரை; இன்னும் ஒன்றேகால் மணி நேரம் கிடந்தது. குறுக்குவழியாகப் போனால் பத்து நிமிடத்தில் வீடு. நேசையன் அதை விட்டு, தேவாலயத்தைச் சுற்றிப் போகும் பெரிய ரோட்டில், கழுத்தில் தண்ணீர் சொட்டச் சொட்ட, மெதுவாக நடந்தார்.