கம்பெனி டாக்டரும் அம்மாவின் பெயரும்

எனக்கு வந்த கடிதத்தை நான் படிப்பதற்கு முன்னால் தபால்காரர், அடுத்த வீட்டு கிளாடிஸ், என் அப்பா ஆகிய மூவரும் படித்து முடித்திருந்தார்கள். நான்காவதாக எனக்கும் ஒரு வாய்ப்புக் கொடுத்தார்கள். துறைமுகத்துப் பக்கம் தோல் ஏற்றுமதி செய்யும் வெள்ளைக்காரக் கம்பெனியில் எனக்கு டைப்பிஸ்ட் வேலை. யுத்தம் முடிந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. துரைமார் ஒவ்வொருவராகக் கப்பலேறிக்கொண்டிருந்தாலும் டைப் அடிக்க வேண்டிய கடிதங்கள் குறையவில்லை போலிருக்கிறது.

அப்பா பவுல்சாமி ஓய்வுபெற்ற பள்ளிக்கூட வாத்தியார். சம்பளத்தை மூன்று தரம் உரக்கப் படித்தார். நான் அதற்குக் கீழே இருந்த வரியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வேலை செய்பவருக்கும், அவரோடு வசிக்கும் பெற்றோருக்கும், கம்பெனி டாக்டரின் வைத்தியமும் மருந்தும் இலவசம்.

என்னைக் கேட்டால் அந்த வரிதான் வேலை; சம்பளம் அதோடு வந்த கொசுறு. அம்மாவுக்குப் பதினெட்டு வருஷமாக ஆஸ்துமா. மார்கழி பிறந்துவிட்டால் சாந்தோம் கடற்காற்றில் படுக்கவே முடியாது. சுவரில் சாய்ந்து உட்கார்ந்து ஒவ்வொரு மூச்சையும் கெஞ்சிக் கூப்பிட வேண்டும். ஊசி போட்டால் தணியும். டாக்டரைக் கூப்பிடலாமா, இன்னும் ஒரு நாள் பார்க்கலாமா என்று நாங்கள் யோசித்து முடிப்பதற்குள் பாதி மார்கழி போய்விடும்.

கன்னியர் நடத்தும் பள்ளிக்கூடம் ஒன்றிலும் எனக்கு இடம் இருந்தது. சம்பளம் பாதி, மருந்து கிடையாது. "நோய் என்பது கடவுள் தரும் பரிசு" என்றார் அங்கே தலைவியாக இருந்த கன்னியாஸ்திரி. அதே பரிசு அவருக்குப் பல்வலியாக வந்தபோது, ரிக்‌ஷா வைத்துக்கொண்டு பல் டாக்டரிடம் போய்த் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தார்.

கம்பெனிக் கடிதத்தோடு, நிரப்பித் தர வேண்டிய ஒரு பாரமும் இருந்தது. குடும்பத்தில் யாருக்காவது நாள்பட்ட நோய் உண்டா? உண்டு என்றால் அவருக்கு இலவச வைத்தியம் இல்லை. அதாவது, நோயே இல்லாதவர்களுக்கு எவ்வளவு மருந்து வேண்டுமானாலும் கொடுக்கக் கம்பெனி தயாராக இருந்தது. குடும்பத்தார் பட்டியலில் அப்பா, அம்மா பெயரை எழுதிவிட்டு, அந்தப் பெருந்தன்மையை மெச்சி, 'இல்லை' என்று எழுதினேன். பொய்யைச் சாமியாரிடம் சொல்லி மன்னிப்புக் கேட்கும் பாவசங்கீர்த்தனத்தை அடுத்த சனிக்கிழமை பார்த்துக்கொள்ளலாம்.

பாரத்தில் கம்பெனி டாக்டர் ராஜநாயகம் கையெழுத்துப் போட வேண்டும். திங்கட்கிழமை லஸ்ஸில் உள்ள அவருடைய கிளினிக்குக்கு வரச் சொல்லியிருந்தார்கள். அவரும் எங்கள் பங்குக் கோயிலைச் சேர்ந்தவர்தான். ஞாயிறு தோறும் முதல் பெஞ்சில் உட்கார்ந்து பக்தியோடு தூங்குவார்.

எங்கள் பங்கில் ஒரு வழக்கம் உண்டு. நல்லது நடந்தால் நன்றிப் பூசை வைக்க வேண்டும். எதற்காக வைக்கிறோம் என்பதை எழுதிக் கொடுத்தால், சாமியார் ஞாயிற்றுக்கிழமை பிரசங்க மேடையிலிருந்து வாசிப்பார். மற்றவர்கள் 'பெற்ற நன்மைக்காக' என்று இரண்டு வார்த்தையோடு நிறுத்திக்கொள்வார்கள். அப்பா வாத்தியார். காரணமும் காரியமும் இல்லாமல் அவருக்கு வாக்கியம் முடியாது. எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் எழுதிக் கொடுத்துவிட்டார்.

"பதினெட்டு வருஷமாக ஆஸ்துமாவால் வருந்தும் ஆனி அம்மாள், தம் மகள் மர்சலின் சேரப்போகும் கம்பெனியின் டாக்டரால் இனி இலவசமாகக் குணமடையப்போவதற்கு நன்றியாக..." என்று சாமியார் கணீரென்று வாசித்தார்.

பெண்கள் பக்கத்தில் அம்மா முக்காட்டை மூக்குவரை இழுத்துக்கொண்டாள். ஆண்கள் பக்கத்தில் டாக்டர் ராஜநாயகம் கண் விழித்தார்.

பூசை முடிந்ததும் மீன்காரி முத்தம்மா கோயில் வாசலிலேயே என்னைப் பிடித்துக்கொண்டாள். "இன்னா பாப்பா, கம்பெனில மருந்து சும்மாவே குடுக்கறாங்களாமே! எங்க மாமியா கூட இருமிக்கினே கீது. ஒரு புட்டி வாங்கியாந்து குடேன்."

அப்பா பூரித்துப் போயிருந்தார். "கடவுள்கிட்ட காரணத்தையும் சேத்துச் சொன்னாத்தானேம்மா அது நன்றி?" என்றார். கடவுளுக்கு மட்டும் கேட்டிருந்தால் எனக்கு ஒரு கஷ்டமும் இல்லை என்று அங்கேயே கத்திவிட்டேன். அவர் முகம் சுருங்கியது. அதற்காகப் பிறகு வருத்தப்பட்டேன்.

திங்கட்கிழமை அப்பாவை வீட்டில் விட்டுவிட்டுப் போனோம். இனி ஒருவருக்கும் அவர் நன்றி சொல்ல வேண்டாம். அம்மா மட்டும் பிடிவாதமாகக் கூட வந்தாள். "நான் நல்லாத்தான் இருக்கேன்னு அவரே பாக்கட்டும்" என்றாள். கிளினிக் படியேறி உட்கார்ந்ததிலிருந்து உதட்டை இறுக்கி மூடிக்கொண்டு இருமலை அடக்கினாள். கழுத்து நரம்பு புடைத்தது. டாக்டரைப் பார்த்து ஒரு சிரிப்பு வேறு.

டாக்டர் என் நெஞ்சில் குழாயை வைத்துப் பார்த்தார். "உனக்கு ஒண்ணுமில்ல. கல்லு மாதிரி இருக்கே" என்றார். பிறகு பாரத்தைக் கையில் எடுத்தார். "இங்க 'இல்லை'ன்னு எழுதியிருக்கே. நேத்து கோயில்ல வேற மாதிரி கேட்டுதே?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"இதுல கையெழுத்துப் போட்டா என் வேலையும் போகும், உன் வேலையும் போகும். கோயில்ல அதைக் கேட்டவங்க இருநூறு பேர். ஒண்ணு செய். குடும்பத்துல அம்மா பேரை அடிச்சிடு. அப்புறம் 'இல்லை'ங்கறது உண்மையாயிடும். நானும் கையெழுத்துப் போட்டுடறேன்."

ஒரு கோடு இழுத்தால் பொய் மெய்யாகிவிடுகிறது. இப்படி ஒரு வைத்தியத்தை நான் கேள்விப்பட்டதே இல்லை.

"வேணாம் டாக்டர். நான் பள்ளிக்கூடத்துக்கே போறேன்" என்று எழுந்தேன்.

அம்மா என் கையைப் பிடித்து இழுத்தாள். "உக்காரு. அங்க போனா மட்டும் எனக்கு மருந்து குடுத்துடுவாங்களா? பாதிச் சம்பளத்துல ஊசிக்கு எங்க போவே?" மேஜையிலிருந்த பேனாவை அவளே எடுத்தாள். பாரம் முழுக்க இங்கிலீஷ். அம்மா தமிழ் ஜெபப் புத்தகத்தைத் தவிர வேறு படித்ததில்லை. "இதுல எது என் பேரு?" என்று கேட்டாள்.

டாக்டர் ஜன்னலுக்கு வெளியே டிராம் வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"காட்டுடீ."

நிமிஷத்துக்கு நாற்பது வார்த்தை அடிக்கும் விரல், அந்த ஒரு பெயருக்குப் போய்ச் சேர வெகு நேரம் பிடித்தது. வெட்கமாக இருந்தது. அழுதும் விட்டேன். அம்மா என் விரலை மெதுவாக நகர்த்திவிட்டு, அது இருந்த இடத்தில் இரண்டு கோடு போட்டாள்.

"போதுமா டாக்டர்?"

"போதும்மா."

இனி யாருக்காக அடக்க வேண்டும்? அம்மா வாயைத் திறந்து இரும ஆரம்பித்தாள். மேஜையைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வழிய, குனிந்து குனிந்து இருமினாள். டாக்டர் ராஜநாயகம் நாற்காலியைச் சற்றுப் பின்னால் தள்ளிக்கொண்டு, எங்கள் குடும்பத்தில் எல்லோரும் பூரண ஆரோக்கியமாக இருப்பதாக எழுதிக் கையெழுத்துப் போட்டார்.