ஒரு விரல் அகலம்

தையல்காரருக்கு அளவு பிசகாது என்பார்கள். சொன்னவர்கள் நம்ம தையல்காரரைப் பார்த்ததில்லை! தன் மாமியாரின் எலெக்ட்ரிக் கிட்டார் மேல் உட்கார்ந்து அதன் கழுத்தை ஒடித்தார். அதுவும் ஞாயிற்றுக்கிழமை மாமியார் அதோடு மேடையேற வேண்டிய வாரத்தில். அது போதாதென்று, வெளியூர் போயிருந்த மாமியார் திரும்புவதற்குள் கமுக்கமாகப் புதுக் கழுத்து வாங்கி மாட்டியும்விட்டார்.

அளந்துதான் வாங்கினார். சட்டைக் கையை அளப்பதுபோல டேப்பை நுனியிலிருந்து அடிவரை பிடித்தார். பழசுக்கும் புதுசுக்கும் மயிரிழை வித்தியாசமில்லை. நான்கு திருகாணிகளும் அழகாக உட்கார்ந்தன.

மாமியார் வந்தார், புதுக் கழுத்தைப் பார்த்தார். விரல் வைக்காமல் வெறும் தந்தியை மீட்டினார், இனித்தது. கழுத்தின் நடுவில் விரலை அழுத்தினார். வால் மிதிபட்ட பூனை மாதிரி கத்தியது.

"மாப்பிள்ளை, எதை அளந்தீங்க?"

"உட்கார்ந்து உடைச்சுட்டேன் அத்தை. மன்னிச்சுடுங்க. மொத்த நீளத்தைத்தான் அளந்தேன்."

"தந்தி முறுக்குற தலையையும் சேர்த்தா? தொப்பியோட உயரம் பார்த்த கதையால்ல இருக்கு!"

டேப்பை வாங்கிக் காட்டினார். தந்தி புறப்படும் வெள்ளைக் கட்டையிலிருந்து, கழுத்தின் குறுக்கே பதித்த கம்பிகளில் பன்னிரண்டாவது வரைக்கும் ஒரு பாதி. அங்கிருந்து, கிட்டார் உடம்பில் தந்திகளைத் தாங்கும் பிரிட்ஜ் வரைக்கும் மறுபாதி. இரண்டும் சமமாக இருந்தால்தான் சுருதி நிற்கும். புதுக் கழுத்துக்குத் தலைதான் பெரிசு. தந்தி பாடும் நீளம் குறைச்சல். பிரிட்ஜ் ஒரு விரல் அகலம் தள்ளி நின்றது.

"ஓடிப்போய் மாத்திட்டு வந்துடறேன்," என்று தையல்காரர் திருகாணியைக் கழற்றப் போனார்.

"இருங்க." மாமியார் இடது கையை மறுபடி கழுத்தில் வைத்தார். பாடும் நீளம் குறைந்ததில் கம்பிகளுக்கு இடையிலான கட்டங்களும் நெருங்கியிருந்தன; முதல் கட்டத்திலிருந்து நான்காவது கட்டம் வரை நான்கு விரலும் எட்டின. அவர் கண் கலங்கியது. "ஆறு மாசமா மூட்டு வலி. சுண்டுவிரல் எட்டவே இல்ல. உங்க பொண்டாட்டிகிட்டகூடச் சொல்லல. இந்த ஞாயித்துக்கிழமையோட வாசிச்சது போதும்னு இருந்தேன்."

தையல்காரர் அந்தக் கையை அப்போதுதான் பார்த்தார். மூட்டுகள் வீங்கியிருந்தன. ஒரே வீட்டில் மூன்று வருஷமாகச் சாப்பிட்டும் கவனிக்கவில்லையே என்று அவருக்கு வெட்கமாக இருந்தது.

"கழுத்து இதுவே இருக்கட்டும். பிரிட்ஜை முன்னால நகர்த்துங்க."

"புது ஓட்டை போடணுமே அத்தை! மாமா வாங்கிக் கொடுத்ததாச்சே. ஒரு கீறல்கூட விழ விடமாட்டீங்களே."

"அவர் இருந்தா இந்நேரம் அவரே போட்டிருப்பாரு. போடுங்க."

தையல்காரர் தன் சுண்ணக்கட்டியால் கோடு கிழித்தார். ஐந்து தரம் அளந்தார். துளையிடத் தொடங்கினார். மாமியார் கிட்டார் உடம்பை அசையாமல் பிடித்துக்கொண்டார். தந்தியை மாட்டி நடுவில் அழுத்தினார்கள். சுத்தமாக ஒலித்தது.

"அப்போ ஞாயித்துக்கிழமை கடைசி இல்லையே, அத்தை?"

"யார் சொன்னா கடைசின்னு? முன்வரிசையில வந்து இருங்க, மாப்பிள்ளை. உட்காரும்போது மட்டும் பாத்து உட்காருங்க."