அத்தை கையில் ஸ்டாப்லாஸ்

கணக்கு வாத்தியாருக்கு உலகத்தில் எல்லோருக்கும் கணக்குச் சொல்லித்தரத் தெரியும், தன்னைத் தவிர. வீட்டின் முன்னறையில் டியூஷன். பின்னறையில் கரன்சி டிரேடிங். முன்னறையில் நிகழ்தகவு நடத்தும்போது, நாணயத்துக்கு ஞாபகசக்தி கிடையாது, நாலு தடவை தலை விழுந்தால் ஐந்தாவது தடவை பூ விழுந்தே ஆகவேண்டும் என்று சட்டமில்லை என்று பிள்ளைகளின் மண்டையில் ஏற்றுவார். பின்னறைக்கு வந்ததும், "இவ்வளவு இறங்கிடுச்சே, இனிமே ஏறித்தானே ஆகணும்" என்பார். நடுவில் இருப்பது ஒரே ஒரு கதவு. அதைத் தாண்டும்போது மனுஷனுக்கு அறிவு எங்கே கழன்று விழுகிறது என்று அவர் மனைவி தேடாத இடமில்லை.

அவர் திரையைப் பார்த்தால் கண் கூசும். சராசரிக் கோடுகள் ஐந்து, மேலும் கீழும் பட்டைகள், அடியில் மூன்று மீட்டர்கள். எல்லாக் கோடும் இருக்கும். விலை எங்கே இருக்கிறது என்றுதான் தெரியாது. பத்துக் கோடு "விற்றுவிடு" என்று சொன்னாலும், "வாங்கு" என்று சொல்கிற பதினோராவது கோட்டைக் கண்டுபிடிக்கும்வரை ஓயமாட்டார். பத்து டாக்டரைப் பார்த்துவிட்டு, சர்க்கரை சாப்பிடலாம் என்று சொல்லும் டாக்டரிடமே நிரந்தரமாகத் தங்கிவிடும் ஆசாமி.

ஸ்டாப்லாஸ் போடத் தெரியாதவர் இல்லை. இவ்வளவு நஷ்டம் வந்தால் தானாக விற்றுவிடு என்று முதலிலேயே எல்லை போட்டு வைப்பதுதான் ஸ்டாப்லாஸ். போடுவார். விலை அதன் பக்கத்தில் வந்ததும் கொஞ்சம் தள்ளி வைப்பார். மறுபடி வந்தால் மறுபடி தள்ளுவார். கடைசியில், "தலைக்கு மேல வெள்ளம் போனா சாண் என்ன, முழம் என்ன" என்று எல்லையையே எடுத்துவிடுவார்.

அப்படி முழம் முழமாகப் போய்க்கொண்டிருந்தது மனைவியின் பணம். இன்னொருத்தியின் தையல் கடையில் குனிந்து குனிந்து கழுத்தெலும்பு தேய்ந்து, சொந்தக் கடை வைக்க அவள் சேர்த்த பணம். விஷயம் தெரிந்த அன்று அவள் கத்தவில்லை. நிபந்தனை போட்டாள்.

"மூணு மாசம் தரேன். ஆனா பாஸ்வேர்டு அம்மாகிட்ட. வாங்கறதும் விக்கறதும் அம்மா கைதான். ஒரு தடவைக்கு நூத்துக்கு ரெண்டு போனா அம்மா வித்து மூடிடுவாங்க. நீங்க அழுதாலும் சரி, புரண்டாலும் சரி."

அவள் அம்மாவுக்கு, அதாவது வாத்தியாரின் அத்தைக்கு, டிரேடிங் பற்றி ஒன்றும் தெரியாது. அதுவே அவளுடைய தகுதி. குழாய், கேஸ், பீரோ, அடுத்த வீட்டுக் கேட் என்று திறந்து கிடக்கும் எதையும் மூடாமல் அவளுக்குத் தூக்கம் வராது. இரண்டு போனதும் டக்கென்று மூடினாள். வாத்தியார் கெஞ்சினார். அத்தை கொட்டாவி விட்டாள். சிறு நஷ்டம், சிறு லாபம் என்று போய், மாதக் கடைசியில் பார்த்தால் கணக்கில் பணம் கொஞ்சம் கூடியிருந்தது. மனைவி முதல்முறையாக ஒரு காலிக் கடையைப் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள்.

வாத்தியார் வாய் சும்மா இருக்குமா? பக்கத்தில் உட்கார்ந்து தினமும் அத்தைக்கு விளக்கவுரை. "இந்த மீட்டர் பேரு ஆர்எஸ்ஐ அத்தை. முப்பதுக்குக் கீழ போச்சுன்னா வித்தவன்லாம் களைச்சுப் போயிட்டான்னு அர்த்தம். அப்புறம் ஏறும்." அத்தை "அப்படியா" என்று கேட்டுக்கொண்டாள். சில நாளில் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு கேட்டாள்.

அன்று அத்தையை யூரோ வாங்கவைத்துவிட்டு வாத்தியார் டியூஷனுக்குப் போனார். பிள்ளைகளை அனுப்பிவிட்டு வந்து பார்த்தால், நூற்றுக்கு ஒன்பது போயிருந்தது. அத்தை மவுஸைப் பிடித்தபடி நிம்மதியாக உட்கார்ந்திருந்தாள்.

"அத்தை, மூடலையா?"

"ஆர்எஸ்ஐ இருபத்திரெண்டு மாப்பிள்ளை. இதுக்கு மேல எங்க போகும்? இறங்கும்போது நடுவுல இன்னும் கொஞ்சம் வாங்கியும் போட்டிருக்கேன். வாங்குன சராசரி விலை இறங்கும்ல."

 வார்த்தைக்கு வார்த்தை வாத்தியார் சொன்னதுதான். அவர் வாயிலிருந்து வந்தபோது அது அறிவாகத் தெரிந்திருந்தது.

"மூடுங்க அத்தை."

"பயப்படாதீங்க."

"அது இருபத்திரெண்டுலயே நாள் பூரா கிடக்கும். பத்துக்கும் போகும். மூடுங்க."

"அன்னைக்கு நீங்கதானே சொன்னீங்க, பயந்தவன் பணம் பார்க்க மாட்டான்னு."

மாமியார் கையிலிருந்து மவுஸைப் பிடுங்க முடியுமா? வேலியே பயிரை மேய்கிறது; அதற்கு மேயக் கற்றுக்கொடுத்ததும் அவரேதான். நஷ்டம் பதினொன்று. பன்னிரண்டு. வேறு வழியில்லாமல் மனைவிக்கு ஃபோன் போட்டார். தையல் மெஷின் சத்தத்துக்கு நடுவே எல்லாவற்றையும் சொன்னார், தான் சொல்லிக்கொடுத்ததையும் சேர்த்து. மெஷின் நின்றது.

"ஸ்பீக்கர்ல போடுங்க. அம்மா, மூடு."

"கொஞ்சம் பொறுடி. திரும்புற நேரம்."

"அம்மா. அது என் கடை."

அத்தை திரையைப் பார்த்தாள். ஃபோனைப் பார்த்தாள். பிறகு அழுத்தினாள். நூற்றுக்குப் பதினாலு போனது. "மீதியை வந்து நானே எடுத்துக்கறேன். அதுவரைக்கும் ரெண்டு பேரும் எதையும் தொடாதீங்க" என்று சொல்லி மனைவி ஃபோனை வைத்தாள்.

பாழாய்ப்போன யூரோ அதற்குப் பிறகுதான் திரும்பியது. ஏறியது. மூடிய இடத்தைத் தாண்டி, வாங்கிய இடத்தையும் தாண்டி, வெட்கமில்லாமல் ஏறியது. அத்தையின் கண்ணில் நீர் கோத்துக்கொண்டது.

"நான் சொன்னது சரிதானே மாப்பிள்ளை?"

உலகத்தில் வேறு யாருக்கும் அந்தக் கேள்வி புரியாது. வாத்தியாருக்கு அது எலும்புவரை புரிந்தது. எத்தனை முறை அவரே கேட்டிருப்பார்.

"சரிதான் அத்தை. அதுதான் எனக்குப் பயமா இருக்கு."

அத்தை மூக்கை உறிஞ்சினாள். விரல் மவுஸின் மேல் மெல்ல ஊர்ந்தது. "இப்ப ஏறுதுல்ல. சின்னதா ஒண்ணு..."

வாத்தியாருக்கும் வாய்வரை வந்தது, போடுங்க என்று. சட்டென்று லேப்டாப்பை மூடி அதன்மேல் கையை வைத்துக்கொண்டார். அத்தை அவர் முகத்தை ஒரு கணம் உற்றுப் பார்த்துவிட்டு, அவர் கைமேல் தன் கையையும் அழுத்தி வைத்தாள். மகள் வரும்வரை இருவரும் ஒருவரை ஒருவர் நம்பாமல் அப்படியே உட்கார்ந்திருந்தார்கள்.