இறக்கத்துக்கு முன்னால் நிற்கும் பஸ்

1

உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை எனக்குப் பயத்தில் கிடைத்தது. ஒரு மலைப்பாதை பஸ்ஸில் இறங்கி வந்துகொண்டிருந்தேன். திடீரென்று இன்ஜின் சத்தம் நின்றது. "அப்பாடா, என்ன அமைதி!" என்றார் பக்கத்து சீட்டுக்காரர். எனக்கும் சுகமாகத்தான் இருந்தது, கண்டக்டரம்மாவைத் திரும்பிப் பார்க்கும்வரை. முகத்தில் ஈயாடவில்லை. எழுதித் தொலைத்தால் அந்த முகம் போய்விடும் என்று உட்கார்ந்தேன். எங்கே போகிறது!

2

முதல் தொடக்கம்: "அரசின் எரிபொருள் மானியக் கொள்கையானது தனியார் பேருந்து உரிமையாளர்களின்..."

(அடித்துவிட்டேன். எனக்கே கொட்டாவி வந்தது.)

இரண்டாவது: "முதலாளி மீசையை முறுக்கிக்கொண்டு..."

(வேண்டாம். அவர் வில்லன் இல்லை. மீசைகூடக் கிடையாது, பாவம்.)

மூன்றாவது தேறியது:

கண்டக்டரைப் பயணிகள் 'சில்லறை' என்றுதான் கூப்பிடுவார்கள். யார் ஏறினாலும் "சில்லறையா குடுங்க" என்பாள், அதனால். வண்டி ஓட்டுவது அவளுடைய கூடப்பிறந்த அண்ணன். டீசல் விலையில் ஒரு பங்கை அரசாங்கம் கொடுத்துவந்தவரை டிக்கெட் விலை ஏறவில்லை, யாருக்கும் தலைவலியும் இல்லை. ஒருநாள் மானியத்தை நிறுத்திவிட்டு, "கட்டணத்தை ஏற்றிக்கொள்ளுங்கள்" என்று கைகழுவிவிட்டார்கள். முதலில் கட்டணத்தை ஏற்றிய பஸ்ஸின் கண்ணாடியை ஜனங்கள் கல்லால் அடித்து நொறுக்கினார்கள். இவர்கள் பஸ்ஸின் முதலாளி அரண்டுபோய் இருவரையும் கூப்பிட்டார்.

"டிக்கெட்ல கை வைக்க வேணாம்மா. டீசலைப் பாத்துச் செலவு பண்ணுங்க. கட்டுப்படியாகலைன்னா வண்டியை ஷெட்ல போட்டுடுவேன்."

அண்ணனுக்குத் தெரிந்த ஒரே சிக்கனம், இறக்கத்தில் இன்ஜினை அணைத்துவிட்டு, கியர் போடாமல் நியூட்ரலில் உருட்டுவது.

3

(வண்டி விஷயம் தெரியாதவர்களுக்கு: இந்த பஸ்ஸின் பிரேக் காற்றழுத்தத்தில் வேலை செய்கிறது. அந்தக் காற்றை நிரப்புவது இன்ஜின். அதை அணைத்துவிட்டால், மிதிக்க மிதிக்கக் காற்று குறைந்துகொண்டே போகும். ரொம்பக் குறைந்தால் எச்சரிக்கை மணிபோல ஒரு பஸ்ஸர் அலறும். பயணிகள் மிரளுகிறார்கள் என்று அண்ணன் அந்த பஸ்ஸரின் வயரையே பிடுங்கிவிட்டான்.)

"அண்ணே, நேத்து காத்து மீட்டரைப் பாத்தியா? முள்ளு செவப்புக்கு வந்துடுச்சு."

"மெதுவாப் பேசு. ஜனம் கேக்கப்போவுது."

"எனக்கு ஈரக்குலையே நடுங்குதுண்ணே."

"எனக்கு மட்டும் நடுங்கலையா? இதை விட்டா வேற எவன் நமக்கு வேலை வெச்சிருக்கான், சொல்லு."

பிள்ளையை மடியில் வைத்திருக்கும் தாய்மாரைப் பார்த்தால் அவள் பக்கத்தில் போய் நிற்பாள். "நல்லாப் புடிச்சுக்கோங்கம்மா" என்பாள். ஏன் என்று சொல்லமாட்டாள்.

இங்கேதான் எனக்கு அவள்மேல் சந்தேகம். இவ்வளவு பயந்தவள் ஏன் இறங்கிப் போகவில்லை? கேட்டே விட்டேன். "அண்ணனைத் தனியா விட்டுட்டா?" என்று முறைத்தாள்.

4

முடிவு ஒன்று: வளைவில் எதிரே ஒரு லாரி. அண்ணன் பிரேக்கை மிதிக்கிறான். பெடல்...

(முடியாது சாமி. உள்ளே அத்தனை பேர் உட்கார்ந்திருக்கிறார்கள்.)

முடிவு இரண்டு: மானியம் திரும்ப வந்துவிட்டதாக ரேடியோவில்...

(யாரை ஏமாற்ற?)

5

ஆகவே மலை உச்சி நிறுத்தத்திலேயே வண்டியை நிறுத்தி வைத்திருக்கிறேன். இன்ஜின் ஓடுகிறது. சில்லறை நடுவில் வந்து நின்றாள். நான் சொல்லிக்கொடுக்கவில்லை, அவளாகவே பேசினாள்.

"கொஞ்சம் கேளுங்க. இறக்கத்துல இன்ஜினை அணைச்சுட்டுத்தான் இத்தனை நாளா உங்களைக் கொண்டுபோறோம். பிரேக் எப்பக் கைவிடும்னு சொல்ல முடியாது. ஆளாளுக்குக் கொஞ்சம் கூடக் குடுத்தீங்கன்னா அணைக்காமப் போயிடலாம். பயமா இருக்குங்க எனக்கு."

முன்சீட்டுத் தையல்காரர் எகிறினார். "பயமுறுத்திக் காசு புடுங்கறியா? அதான் அரசாங்கம் குடுக்குதுல்ல?"

"குடுத்துச்சுங்க. இப்ப இல்ல."

"இத்தனை நாள் ஒண்ணும் ஆகலையே!"

சிலர் கதவைப் பார்த்தார்கள். அடுத்த பஸ் வருமா என்றே தெரியாது. யாரும் எழுந்திருக்கவில்லை. முதல் ஆளாகக் கொடுக்கவும் யாருக்கும் மனசு வரவில்லை. நமக்கென்ன என்று எல்லோரும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்கள்.

மூன்றாவது வரிசையில் உங்களை உட்கார வைத்திருக்கிறேன். கோபித்துக்கொள்ளாதீர்கள், வேறு ஆள் கிடைக்கவில்லை. அவள் உங்கள் முன்னால் வந்து கையை நீட்டிவிட்டாள். அண்ணன் கண்ணாடி வழியாக உங்களையே பார்த்துக்கொண்டிருக்கிறான். அவன் விரல் சாவியில் இருக்கிறது.

நிதானமாக யோசியுங்கள், நான் குறுக்கே வரமாட்டேன். ஆனால் நீங்கள் யோசிக்க யோசிக்க டீசல் எரிந்துகொண்டிருக்கிறது.