நாலு பேர் கேட்கும்படி

நாற்காலியில் இருந்தவளின் நெற்றி முடியைச் சீப்பால் இழுத்துப் பிடித்துக் கத்தரியை வைத்தேன். முடி வெட்டுப்படவில்லை. இரண்டு அலகுக்கும் நடுவே மடங்கிக்கொண்டு நின்றது. அவள் "ஸ்..." என்று முகத்தைச் சுளித்தாள். இன்னொரு தடவை வைத்தேன், இன்னும் மோசம். பதினான்கு வருடமாக முடி வெட்டிப் பிழைக்கிறேன், கத்தரிக்கு வந்த கேடு அதன் சத்தத்திலேயே தெரிந்துவிடும். முடி வெட்டுகிற கத்தரியால் தாளை வெட்டக் கூடாது, வெட்டினால் கூர் போச்சு. இதை வீட்டில் எத்தனை தடவை சொல்லியிருப்பேன் என்று எனக்கே தெரியாது.

கடையின் மூலையில் என் மகள் உட்கார்ந்து டவல் மடித்துக்கொண்டிருந்தாள். பதினொரு வயது. சனிக்கிழமைகளில் என்னோடு பார்லருக்கு வந்துவிடுவாள். முந்தின நாள் சாயங்காலம் சாப்பாட்டு மேஜை முழுக்க வண்ணத் தாளைப் பரப்பிவைத்துப் பள்ளிக் கண்காட்சிக்கு எழுத்துகள் வெட்டியவள் அவள்தான். அந்தக் குப்பையைக் கூட்டி அள்ளியவள் நான். அப்புறம் என்ன விசாரணை வேண்டிக்கிடக்கிறது?

"ஏண்டி, என் கத்தரியத் தொட்டியா?"

"இல்லம்மா. நான் என் கத்தரியிலதான் வெட்டினேன்."

"பொய் சொல்லாத."

"நிஜமாம்மா."

எனக்கு ஏறிவிட்டது. கவனம் கிடையாது, பொறுப்பு கிடையாது, செய்ததுமில்லாமல் வாய்கூசாமல் பொய் வேறு என்று மூச்சுவிடாமல் கத்தினேன். கடையில் அப்போது மூன்று பேர். நாற்காலியில் ஒருத்தி. வாராவாரம் முடியைச் சுருட்டிக்கொள்ள வரும் அக்கா, தலைக்கு மேல் கவிழ்க்கிற டிரையருக்கு அடியில். மூன்றாவது, டை அடித்துக்கொண்டு காத்திருந்த என் மகளின் வகுப்பு டீச்சர். "விடுங்க, சின்னப் பிள்ளதானே" என்றார் டீச்சர். அந்தப் பரிவு எனக்கு இன்னும் தூபம் போட்டது. "உங்க கிளாஸ்லயும் கொஞ்சம் பாத்துக்குங்க டீச்சர், இவ கையில எதையும் நம்பிக் குடுக்க முடியாது" என்றேன். மகள் மடித்த டவலைப் பிரித்து மறுபடி மடித்தாள்.

அன்றைக்கு யாருக்கும் முடி வெட்டவில்லை. டீச்சருக்கு டையை மட்டும் கழுவி அனுப்பினேன், கத்தரி சாணைக்குப் போனது.

நான் நியாயமான அம்மா என்று எனக்கு ஒரு நினைப்பு உண்டு. மகளுக்கும் அவள் தம்பிக்கும் ஆப்பிளை வெட்டினால், ஒருவர் வெட்ட மற்றவர் முதலில் எடுத்துக்கொள்ள வேண்டும். காரில் முன் சீட் ஒரு வாரம் அவளுக்கு, ஒரு வாரம் அவனுக்கு. இதிலெல்லாம் நான் கறார். ஆனால் இந்த வீட்டில் பற்பசை மூடியை யாரும் மூடுவதில்லை, காலிப் பாட்டிலை அப்படியே ஃபிரிட்ஜில் திருப்பி வைக்கிறார்கள், ஈர டவல் நேராகக் கட்டிலுக்குப் போகிறது. இவற்றில் பாதி என் வீட்டுக்காரரின் வேலை. திட்டு மட்டும் பெரும்பாலும் மகளுக்கு. ஏன் என்று கேட்டால், கூப்பிட்ட குரலுக்கு வருகிறவள் அவள்தான். கூப்பிட்டால் வராதவர்களைத் திட்டுவது கஷ்டம்.

சந்தோஷமும் இல்லாமலில்லை. பக்கத்து அறையில் இரண்டு பிள்ளைகளும் சண்டையை மறந்து எதற்கோ விழுந்து விழுந்து சிரிக்கும்போது, நான் உள்ளே போகாமல் வாசலிலேயே நின்றுவிடுவேன், போனால் சிரிப்பு நின்றுவிடும். கடை மூடிய பிறகு நான் அந்த நாற்காலியில் சாய்ந்துகொள்ள, மகள் பின்னால் நின்று என் தலையை வாருவாள். ஊருக்கெல்லாம் தலை வாருகிற எனக்கு வாருகிற ஒரே ஆள் அவள். அந்தச் சனிக்கிழமை வாரவில்லை. "கை வலிக்குதும்மா" என்றாள். கொழுப்பு என்று நினைத்துக்கொண்டேன்.

புதன்கிழமை கத்தரி சாணை பிடித்து வந்தது. சாப்பாட்டு மேஜையில் வைத்து, துணியால் துடைத்துக்கொண்டிருந்தேன். எதிரே வந்து உட்கார்ந்த என் வீட்டுக்காரர் அதைப் பார்த்ததும் முகம் மலர்ந்தார்.

"இதானே! அருமையான கத்தரி. அன்னிக்கு ஃபேன் வந்த பெட்டியில பிளாஸ்டிக் பட்டை கட்டியிருந்தான் பாரு, வேற எதுக்கும் மசியல. இதுல ரெண்டே வெட்டு."

"எது? இதுவா?"

"உன் கருப்புப் பையில இருந்துச்சே. அட்டையையும் இதிலயேதான் நறுக்கினேன். ஏன், எடுக்கக் கூடாதா?"

அவர் முழித்த முழியைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "உங்களத் திருத்தவே முடியாதுங்க" என்று தலையில் அடித்துக்கொண்டு சிரித்தேன், அவரும் சிரித்தார். அப்போதுதான் மகள் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு சமையலறை வாசலில் நிற்பதைப் பார்த்தேன்.

"அப்பா செஞ்சா மட்டும் சிரிக்கிற" என்றாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. தட்டைக் கழுவப் போய்விட்டாள்.

எனக்கு வெட்கமாக இருந்தது, அதை வேறு எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. பின்னாலேயே போய், "சாரிடி கண்ணு. அம்மா தெரியாம திட்டிட்டேன்" என்றேன்.

"சரி."

"என்ன சரி?"

அவள் குழாயை மூடினாள். "திங்கக்கிழமை டீச்சர் தலைப்பு எழுத்து வெட்டுற வேலைய வேற பொண்ணுக்குக் குடுத்துட்டாங்க. நீ பசை தடவு போதும், உன்கிட்ட கத்தரி குடுத்தா உங்கம்மா என்னத் திட்டுவாங்கன்னாங்க. எல்லாரும் சிரிச்சாங்க."

பெரிய தலைப்பு எழுத்துகளை வெட்டுவதற்காக இரண்டு வாரம் அட்டையில் வரைந்து வரைந்து பார்த்தவள் அவள். மூன்று நாளாக இதை வாய்க்குள்ளேயே வைத்துக்கொண்டு என்னோடு ஒரே மேஜையில் சாப்பிட்டிருக்கிறாள்.

"இப்பவே டீச்சருக்குப் போன் பண்றேன்."

"கடையில வெச்சுதானே திட்டின? அங்கயே சொல்லு. அவங்க மூணு பேரும் இருக்கும்போது."

எனக்கு உடனே ஒப்பவில்லை. பெற்ற பெண்ணிடம் வீட்டில் மன்னிப்புக் கேட்பது ஒன்று, பிழைக்கிற இடத்தில் நாலு பேர் முன்னால் கேட்பது வேறு. இது இவளுக்கே கொஞ்சம் அதிகமாகத் தெரியவில்லையா என்று வியாழன் முழுக்க முணுமுணுத்தேன். வெள்ளிக்கிழமை, ஆப்பிளை வெட்டியவர் முதலில் எடுக்கக் கூடாது என்று மகனிடம் கண்டிப்பாகச் சொன்னபோது வாய் பாதியில் நின்றது. திட்டினது அத்தனை பேர் காதில் விழுந்திருக்கிறது. அதைத் துடைப்பது மட்டும் ஏன் அடுப்படியில்?

சனிக்கிழமை மூவருமே வந்தார்கள். முடி வெட்டப் பாக்கி இருந்த இருவரும், வாராந்திர அக்காவும். அக்கா காதில் பஞ்சு வைத்துக்கொண்டு டிரையருக்கு அடியில் கண்ணை மூடிக்கொண்டார். முதலில் டீச்சர் நாற்காலிக்கு வந்தார், மற்றவள் வரிசையில் உட்கார்ந்தாள். மகள் மூலையில் டவலோடு இருந்தாள். என் பக்கம் திரும்பவே இல்லை.

டீச்சரின் முடியை நனைத்துப் பிரித்துக் கிளிப் போட்டேன். இப்போது சொல்லலாம். இந்தப் பக்கம் முடியட்டும், அப்புறம் சொல்லலாம். இரண்டு பக்கமும் முடிந்தது. டிரையர் ஹோவென்று ஓடிக்கொண்டிருந்தது, அது எனக்கு வசதியாகவும் இருந்தது. டீச்சரின் காதருகே குனிந்து, "போன வாரம் அந்தக் கத்தரி... அது இவ இல்ல டீச்சர்" என்றேன்.

"என்னது? கேக்கல."

"ஒண்ணுமில்ல, தலைய நேரா வைங்க."

சொல்லிவிட்டு மூலையைப் பார்த்தேன். மகள் நிமிர்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். முறைத்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். இவ்வளவுதான் வரும் என்று தெரிந்ததுபோல், மெதுவாக அடுத்த டவலை எடுத்தாள்.

கத்தரியைக் கீழே வைத்தேன். சுவரோரம் போய் டிரையரின் சுவிட்சை அணைத்தேன். கடை இவ்வளவு சின்னது என்பது அந்த அமைதியில்தான் தெரிந்தது. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

"போன சனிக்கிழம, என் பொண்ணு பொய் சொல்றான்னு உங்க முன்னாடி கத்தினேன்" என்றேன். குரல் எனக்கே அந்நியமாக இருந்தது. "அவ பொய் சொல்லல. கத்தரிய எடுத்தது அவங்கப்பா. விசாரிக்காம திட்டினது என் தப்பு. டீச்சர், அவ கையில எத வேணா நம்பிக் குடுக்கலாம்."

கண்ணாடியில் டீச்சர் என்னைப் பார்க்கவில்லை. நாற்காலியிலேயே உடம்பைத் திருப்பி மூலையைத் தேடினார். பாதித் தலையில் கிளிப்புகள், கழுத்தில் ஈரம் வழிகிறது, அதையும் துடைக்கவில்லை.

அதற்குள் அந்த அக்கா இரண்டு கையாலும் டிரையர் மூடியைத் தூக்கிவிட்டுத் தலையை வெளியே நீட்டினார். "ஏன் நிப்பாட்டின? யாரு பொய் சொன்னது? எனக்கு ஒண்ணுமே கேக்கலையே!"

வரிசையில் இருந்தவள் சிரித்துவிட்டாள். நான் மகளைப் பார்த்தேன். மடியிலிருந்த டவல்களை ஒதுக்கி வைத்துவிட்டு எழுந்து வந்தாள். நாற்காலிக்கும் எனக்கும் நடுவில், கண்ணாடியில் முழுசாகத் தெரியும்படி நின்றுகொண்டாள்.

"அவங்களுக்குக் கேக்கலையாம்மா" என்றாள். "முதல்லேருந்து சொல்லு."