ரோஜாத் தோட்டத்துத் தண்ணீர்

1

இந்தக் கதை மதியத் தூக்கத்தில் கிடைத்தது. நாக்கில், கோவை குடிக்கும் சிறுவாணி ஆற்றுத் தண்ணீரின் இனிப்போடு விழித்தேன். கனவில் யாரோ ஒரு சிறுமி டம்ளரை நீட்டியிருந்தாள். எதற்கென்று தெரியவில்லை. வாரப் பத்திரிகைக்குத் தொடர் எழுதுகிறவனுக்கு அது போதும்.

2

முதல் தொடக்கம்: ‘கோவையின் அந்தத் தனியார் பள்ளியில் சஃபியா டீச்சர் ஒரு புரட்சி...’

வேண்டாம். அவர் ஜூனில் வேலை நிரந்தரமாகும் என்று காத்திருப்பவர். ஒன்பதாம் வகுப்புக்குப் பாடத்தை ஒப்பிக்கச் சொல்லாமல் ஒரு சிக்கலைக் கொடுத்தார். பள்ளிக் குழாயில் மதியத்துக்குள் நல்ல தண்ணீர் தீர்ந்து உப்புத் தண்ணீர் வருகிறதே, ஏன்? விடையைத் தான் சொல்லப்போவதில்லை என்றார்.

[பிள்ளைகளிடமிருந்து ‘குழாயை மூடுங்கள்’ என்றொரு சுவரொட்டி வரும் என்றுதான் அவர் நினைத்தார். நானும்.]

3

பிள்ளைகள் முதலில் தங்களையே சந்தேகித்தார்கள். பிறகு தொட்டியை. கடைசியில் யுஸ்ரா என்ற மாணவி, பள்ளி வளாகத்திலேயே இருந்த தாளாளர் வெள்ளியங்கிரியின் ரோஜாத் தோட்டத்துக் குழாயில் வாய் வைத்தாள்.*

“ரோஜாச்செடி நல்ல தண்ணி குடிக்குதுங்க மிஸ். நமக்குத்தான் உப்புத் தண்ணி.”

* சிறுவாணியா உப்பா என்று சொல்லக் கோவை நாக்குக்கு ஆய்வகம் தேவையில்லை.

4

ஆண்டு விழாவில் பெற்றோர் முன் வகுப்பு இதை விளக்க வேண்டும். தாளாளர் சஃபியாவை அழைத்து, மழைநீர் சேமிப்பைப் பற்றிப் பேசலாமே என்றார். குரலில் கோபமே இல்லை.

“ஜூன்ல உங்க ஆர்டர்ல நாந்தானுங்க அம்மணி கையெழுத்துப் போடோணும்.”

தாளாளர் சொன்னதை வகுப்பில் சஃபியா தயங்கித் தயங்கிச் சொன்னதும் யுஸ்ரா கேட்டாள்: “பதிலை மாத்தோணுமா மிஸ், இல்ல கேள்வியவேவா?”

“அதையும் நீங்களே யோசிச்சு...” என்று தொடங்கிய சஃபியா நிறுத்தினார். “இல்ல கண்ணு. இது எனக்கு வந்த கணக்கு.”

5

தாளாளர் மனம் மாறும் முடிவொன்று எழுதினேன். சஃபியா வேலையை இழக்கும் முடிவொன்றும். இரண்டையும் கிழித்துவிட்டேன்.

மேடை. விளக்குகள் தண்ணீருக்குள் இருப்பவைபோல மிதக்கின்றன. சஃபியா மைக்கைப் பிடிக்கிறார். தன் வகுப்பு ஒரு கேள்வி கேட்கும் என்கிறார். அவ்வளவுதான்.

யுஸ்ரா இரண்டு டம்ளர்களோடு இறங்கி வருகிறாள். ஒன்று பள்ளிக் குழாயில் பிடித்தது, ஒன்று தோட்டத்தில் பிடித்தது. தாளாளரைத் தாண்டி, பெற்றோர் வரிசையில் உங்கள் முன்னால் நிற்கிறாள். உங்கள் மகளும் அங்கேதான் படிக்கிறாள்.

“நீங்களே குடிச்சுப் பாத்துச் சொல்லுங்க.”

தாளாளர் திரும்பி உங்களைப் பார்க்கிறார்.